வெள்ளைப் பின்னணி வெள்ளையாகவே வர: விற்பனைக்குச் சின்னப் பொருள்களைப் படமெடுக்கும் முறை

வெள்ளைச் சார்ட்டை விரித்து, பொருளை நடுவில் வைத்து, போனை நீட்டி எடுத்தால் பின்னணி சாம்பலாகத்தான் வரும். அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, மணப்பாடு ஓலைப்பெட்டி, காருகுறிச்சி மண்சட்டி, உடன்குடிக் கருப்பட்டி, எதை வைத்தாலும் இதே கதைதான். இன்னும் வெள்ளையான தாள் கிடைத்தால் தீரும் என்று கடை கடையாக ஏறி இறங்குவதில் பயனில்லை. பொருளின்மேல் விழும் வெளிச்சத்தைவிட, அதற்குப் பின்னால் நிற்கும் தாளின்மேல் விழும் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அது அமைந்துவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சார்ட்டே வெளேரென்று வரும். அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் சாம்பலைத்தான் தரும்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எதைக் கண்டாலும் அது 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டே அளவெடுக்கும். நல்ல வெள்ளைத் தாள் 85 முதல் 90 சதவீதம் திருப்பி அனுப்புகிறது. படத்தில் முக்கால் பங்கு தாளாக இருந்தால், ‘வெளிச்சம் ரொம்ப அதிகம்’ என்று கேமரா தானே குறைத்துவிடும். 18க்கும் 87க்கும் இடையே சுமார் இரண்டே கால் ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது, அல்லது பாதியாவது.

இந்தக் குறையை, வெளிச்ச அளவைக் கையால் கூட்டிச் சரிசெய்துவிடலாம். ஆனால் அதோடு வேலை முடியாது. கூட்டிக்கொண்டே போனால் பொருளும் சேர்ந்து வெளுத்துவிடும். பொருளின் நிறம் சரியாக நிற்கும் அளவில் நிறுத்தினால், அதே வெளிச்சத்தில் இருக்கும் தாள் 255க்கு 240ஐ ஒட்டித்தான் நிற்கும் (டிஜிட்டல் படத்தில் 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை). தனியாகப் பார்த்தால் 240 வெள்ளையாகவே தெரியும். விற்பனைத் தளத்தின் வெள்ளைப் பக்கத்தில் ஏற்றிப் பாருங்கள், படத்தைச் சுற்றி மங்கலான ஒரு கட்டம் தெரியும். அந்தக் கட்டம் மறைய வேண்டுமானால், பின்னணிக்குப் பொருளைவிட அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூடுதல் வெளிச்சம் வேண்டும்.

கூடுதல் நல்லது என்று இரண்டு ஸ்டாப்புக்கு மேல் ஏற்றிவிடக் கூடாது. அவ்வளவு வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறிப் படம் முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆகும். மெல்லிய விளிம்புகள், ஓலை நார், கொலுசுச் சலங்கையின் ஓரம் எல்லாம் வெள்ளைக்குள் கரைந்துபோகும். புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் சாம்பலில் மாட்டிக்கொள்வார்கள், அதிலிருந்து தப்பி நேரே இந்தக் கரைசலில் விழுவார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் சின்னதுதான். அதைப் பிடிப்பதற்குத்தான் கீழே சொல்லும் அமைப்பெல்லாம்.

எந்த ஜன்னல், எந்த மாதம்

படமெடுக்கச் சொல்லித்தரும் இடங்களில் எல்லாம் ‘வடக்கு ஜன்னல்தான் நல்லது, நேர் வெயில் வராது’ என்றே இருக்கும். அது நமக்கு வெகு வடக்கே இருக்கும் நாடுகளுக்குப் பொருந்தும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நம் தலைக்கு வடக்குப் பக்கமாகவே போகும். நம் கணக்கில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை. இந்த நாலரை மாதமும் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் சாய்ந்து உள்ளே வரும். தெற்கு ஜன்னலில் நாள் முழுக்க நேர் வெயில் விழாது. அப்போது தெற்கு ஜன்னலைப் பிடியுங்கள்.

செப்டம்பர் கடைசி வாரம் முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை அப்படியே தலைகீழ்: வடக்கு ஜன்னல் சுத்தம், தெற்கில் வெயில். இடைப்பட்ட சில வாரங்களில் காலையிலும் மாலையிலும் தெற்கு ஜன்னல், நண்பகலை ஒட்டி வடக்கு ஜன்னல் என்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஜன்னல்தான் இருக்கிறது, அதில் வெயில் அடிக்கிறது என்றால் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் வேட்டியில் பட்டு மென்மையாகப் பரவும். ஆனால் சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம். அதன் வழியாக வரும் வெளிச்சம் நீலம் தட்டும், அந்த நீலம் தாளிலும் வெள்ளியிலும் ஏறிவிடும். நீலம் படாத பழைய வேட்டியே சரி.

ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றையும் கணக்கில் வையுங்கள். தாள் படபடத்தால் வளைவில் அலை விழும், அலை சாம்பல் வரியாகத் தெரியும். ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டு எடுப்பது உத்தமம். கண்ணாடியில் பச்சை, பழுப்பு நிற ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் வானம் முழுக்க மூட்டமாக இருப்பதால் நிழல் மென்மையாக விழும். ஆனால் மேகம் நகர நகர வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், ஐந்தாறு படத்துக்கு ஒருமுறை அளவைச் சரிபார்க்க வேண்டிவரும்.

என்னென்ன வேண்டும்

22க்கு 28 அங்குல வெள்ளைச் சார்ட் மூன்று. பளபளப்பில்லாத பக்கம் மேலே இருக்கட்டும். வாங்கும்போது இரண்டு மூன்று சார்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சந்தன நிறம் தட்டுவதை ஒதுக்குங்கள். தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் சாயம் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக மினுங்கும். எல்.இ.டி. பல்பில் புற ஊதா அநேகமாக இல்லை என்பதால், பகலில் பளீரென்று தெரிந்த அதே தாள் இரவில் லேசாக மஞ்சள் காட்டும். தாள் மேல் தப்பில்லை; வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ், வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) திரும்ப வைத்தால் சரியாகிவிடும்.

பின்னணிக்கும், வெளிச்சத்தைத் திருப்பியடிக்கவும் முக்கால் அங்குல தெர்மோகோல் மூன்று துண்டு. டிரேசிங் பேப்பர் நாலைந்து. கறுப்புச் சார்ட் ஒன்று. கிளிப்புகள் ஒரு கைப்பிடி. போன் ஸ்டாண்டோ டிரைபாடோ கட்டாயம் வேண்டும்; கையில் பிடித்துக்கொண்டு இந்த வேலை ஆகாது.

தரைக்கு ஒரு பொருள் தனியாகச் சொல்ல வேண்டும்: டைல்ஸ் கடையில் கிடைக்கும் பளபளப்பான தூய வெள்ளை டைல், 2 அடிக்கு 2 அடி, ஒன்று. அல்லது பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டித் தரும் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக். ஏன் என்பதைத் தரை பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

பகல் வெளிச்சத்தில் இரண்டு அமைப்புகள்

முதலாவது, ஜன்னல் பக்கவாட்டில். மேசையை ஜன்னல் இருக்கும் சுவரோரம், அந்தச் சுவருக்கு இணையாகப் போடுங்கள். பின்னணித் தெர்மோகோல் ஜன்னலின் நடுவுக்கு நேரே நிற்கட்டும். பொருள் அதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி முன்னால், ஜன்னலின் ஓரத்துக்கு நேரே வரட்டும். இப்போது ஜன்னல் வெளிச்சத்தின் நடுப்பகுதி பின்னணிக்கும், ஓரப்பகுதி பொருளுக்கும் போகும். இன்னும் கூட்டிக் குறைக்க வேண்டுமா? ஜன்னலுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு டிரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டால் பொருளுக்குப் போவது குறையும், பின்னணிக்குப் போவது குறையாது. பொருளின் மறுபக்கம் ஒரு சாண் தூரத்தில் தெர்மோகோலை நிறுத்துங்கள். இருட்டான பக்கம் அதனால் தெளியும்.

பலரும் தாளைச் சுவரிலிருந்து வளைத்து இறக்கி, பொருளை அந்த வளைவின் அடியிலேயே வைத்துவிடுகிறார்கள். பொருளும் பின்னணியும் ஒரே வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும், பொருளின் நிழல் பின்னணியில் விழும், இரண்டையும் பிரித்து ஒன்றும் செய்ய முடியாது. ஒற்றைச் சார்ட்டின் 28 அங்குலம் இதற்குப் போதாது. இரண்டு சார்ட்டை அடிப்பக்கம் டேப் ஒட்டி நீட்டிக்கொள்ளுங்கள், இணைப்பு பொருளுக்குப் பின்னால் தரைப்பகுதியில் வரட்டும். அல்லது தரை தனி, பின்னணி தனி என்றே வைத்துவிடுங்கள். தனித்தனியாக வைப்பதைத்தான் பரிந்துரைப்போம், திருத்துவதும் லேசு.

இரண்டாவது அமைப்பு, ஜன்னலையே பின்னணியாக்குவது. ஜன்னல் கண்ணாடி முழுக்க டிரேசிங் பேப்பரை மடிப்பில்லாமல் ஒட்டுங்கள். இரண்டடி முன்னால் மேசை, மேசையில் பொருள், பொருளுக்கு முன்னால் கேமராவின் இரண்டு பக்கமும் தெர்மோகோல், பொருளைப் பார்த்துச் சாய்ந்தபடி. பின்னணி தானே ஒளிவிடும். குறையென்றால் அது அளவுக்கு மிஞ்சி ஒளிவிடும் என்பதுதான், அதனால் டிரேசிங் பேப்பரை இரண்டு மூன்று அடுக்காக்கி அடக்குங்கள். கம்பி போட்ட ஜன்னல் என்றால் கம்பி நிழல் தாளில் தெரியும். கம்பியிலிருந்து ஓரடி தள்ளி, ஒரு சட்டத்தில் தாளைக் கட்டி நிறுத்தினால் போய்விடும். கண்ணாடிப் பாட்டில், தேன், அல்வா இவற்றுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை.

இரவில், பல்பு வெளிச்சத்தில்

நாலு எல்.இ.டி. பல்பு, எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வகை, 6500 கெல்வின் வெள்ளை. ஒன்று வெள்ளை ஒன்று மஞ்சள் என்று கலந்தால் பின்னணியின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சுமாக நிற்கும், எந்தத் திருத்தத்திலும் முழுதாகப் போகாது. பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 என்று போட்டிருந்தால் கூடக் கொஞ்சம் கொடுத்து வாங்குங்கள். சாதாரணப் பல்பு 80ஐ ஒட்டி இருக்கும், அதில் சிவப்பும் காவியும் செத்துப்போகும். மண்சட்டி விற்கிறவர்களுக்கு அது பெரிய இழப்பு. அறையிலுள்ள டியூப்லைட், மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சுவரில் பச்சை, ரோஸ் என்று அழுத்தமான வண்ணம் அடித்திருந்தால் அந்தப் பக்கம் வேட்டியைத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த நிறம் பொருளின்மேல் அடிக்கும்.

இரண்டு பல்பு பின்னணிக்கு மட்டும். பின்னணியின் இடமும் வலமும் ஓரடி தூரத்தில் வைத்து, அவற்றுக்கும் பொருளுக்கும் நடுவே அட்டையை நிறுத்தி மறையுங்கள். மற்ற இரண்டு பொருளுக்கு. ஒரு பக்கம் டிரேசிங் பேப்பர் வழியாக, மேலேயிருந்து சாய்வாக. பல்பைத் தள்ளி வைத்தால் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகும். பின்னணிப் பல்பை ஓரடியிலிருந்து 17 அங்குலத்துக்கு நகர்த்தினால் சரியாகப் பாதி, அதாவது ஒரு ஸ்டாப். பல்பின் வாட்டைப் பார்த்துக் குழம்பாமல், தூரத்தை மாற்றியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விலை குறைந்த பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும், அது படத்தில் குறுக்கே சாம்பல் பட்டைகளாக விழும். ஷட்டரை, அதாவது படம் பதியும் நேரத்தை, நொடியில் 1/100, 1/50, 1/25 இவற்றில் ஒன்றில் வைத்தால் பட்டை வராது. 1/60, 1/125இல் வரும். ‘தாள் சுத்தமாக இருக்கிறது, படத்தில் மட்டும் கோடு’ என்று வருகிற புகாருக்கு அநேகமாக இதுதான் காரணம்.

கடையில் விற்கும் மடக்கு லைட் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: பெட்டி சின்னது என்பதால் பொருளும் பின்சுவரும் ஒட்டியே இருக்கும், இரண்டுக்கும் ஒரே வெளிச்சம். அதனால்தான் அதிலும் சாம்பல். பொருளை முன்வாசல் வரை இழுத்து வைத்து, மேலே உள்ள எல்.இ.டி. பட்டையைப் பின்சுவரை நோக்கித் தள்ளுங்கள். பொருளின் முகத்துக்கு வெளியே ஒரு தெர்மோகோல். பட்டைக்குக் கீழே டிரேசிங் பேப்பர் ஒட்டினால் பித்தளையிலும் சொப்பிலும் புள்ளி புள்ளியாகத் தெரிகிற பல்புகளும் மறையும்.

கேமராவையும் போனையும் எப்படி வைப்பது

போனில் முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் நெய் பட்ட லென்ஸில் வெள்ளைப் பின்னணி வெடித்துப் பரவிப் படமே மங்கும். பலகாரம் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் துடைப்பது நல்லது. ஹெச்.டி.ஆரை அணையுங்கள். வெளுத்த இடத்தை அடக்குவதுதான் அதன் வேலை, நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். அகல லென்ஸோ மேக்ரோவோ வேண்டாம். 2எக்ஸில் வைத்து இரண்டு மூன்று அடி தள்ளி நில்லுங்கள். கிட்டே போனால் குத்துவிளக்கின் அடித்தட்டு வீங்கித் தெரியும், போனின் நிழலும் விழும்.

பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் (ஃபோகஸ்) வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியை மெல்ல மேலே இழுங்கள். பொருள் வெளுக்க ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். புரோ மோட் (எல்லாவற்றையும் கையால் வைக்கும் முறை) இருந்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, மேலே சொன்ன ஷட்டர் ஒன்று, மூன்று நொடி டைமர். கேமரா வைத்திருப்பவர்களுக்கு லென்ஸ் திறப்பு எஃப்/8 முதல் எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100, டிரைபாடில் இருப்பதால் ஷட்டர் எவ்வளவு மெதுவானாலும் பரவாயில்லை. தானியங்கி முறையை விட மனமில்லையென்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா எடுத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +1.7 ஸ்டாப் வரை ஏற்றிப் பாருங்கள்.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டுவிட்டால் ஒரு கோளாறு வரும். கருப்பட்டி, அல்வா, பித்தளை மாதிரிச் செம்பழுப்புப் பொருள் படத்தை நிறைக்கும்போது, கேமரா அதை ஈடுகட்ட நினைத்து எல்லாவற்றையும் நீலத்துக்குத் தள்ளும். தாள் நீலமாகும், கருப்பட்டி சாம்பலாகும். பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்றுத் தாளை வைத்துச் சமநிலையைப் பூட்டிக்கொண்டு, பிறகு பொருளை வையுங்கள்.

அமைப்பு சரியா என்று பார்க்க இதே வெற்றுத் தாளே போதும். பொருள் நிற்கும் இடத்தில் நிறுத்தி ஒரு படம். எடிட்டிங்கில் அந்தத் தாள் 235 முதல் 245க்குள்ளும், பின்னணி 255ஆகவும் காட்டினால் வேலை முடிந்தது. இரண்டும் 255 என்றால் வெளிச்ச அளவு அதிகம். இரண்டும் 240 என்றால் பின்னணிக்கு வெளிச்சம் போதவில்லை.

தரைதான் கஷ்டம்

பின்னணியைத் தனியாக வெளுக்க வைக்கலாம், பொருள் நிற்கும் தரையை முடியாது. பொருளுக்கு என்ன வெளிச்சமோ அதேதான் தரைக்கும். அதனால் மேலே பளீரென்றும் காலடியில் சாம்பலாகவும் படம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பளபளப்பான வெள்ளை டைலோ அக்ரிலிக்கோ சொன்னது இதற்குத்தான். கேமராவைத் தாழ்த்தி, பொருளின் இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பார்த்தால், அந்தப் பளபளப்பில் பின்னணியின் வெளிச்சம் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே பிரதிபலிக்கும். தரையும் பின்னணி அளவுக்கு வெளுத்துவிடும். பொருளின் மெல்லிய பிரதிபலிப்பு ஒன்று அடியில் விழும். விளக்குக்கும் சொப்புக்கும் அது அழகுதான். கேமராவை உயர்த்தினால் இந்தப் பலன் போய்விடும், தரை மறுபடி சாம்பல் காட்டும்.

மேலேயிருந்து குனிந்து பார்க்கிற படம்தான் வேண்டும், கம்மல் வரிசை, கொலுசு மாதிரி, என்றால் பால்வெள்ளை அக்ரிலிக்கை இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கித் தூக்கி வையுங்கள். கீழே ஒரு அடி இடைவெளியில் எல்.இ.டி. பல்பு. அக்ரிலிக்கே ஒளிவிடும், நிழலே இருக்காது. பல்பு அரையடியில் இருந்தால் நடுவில் மட்டும் வட்டமாக வெளுத்துச் சுற்றிச் சாம்பலாகும், அதனால்தான் ஓரடி.

காலடி நிழலை முழுதாகத் துடைத்துவிடாதீர்கள். பொருள் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய நிழல் இருந்தால்தான் அது நிற்பது தெரியும், இல்லாவிட்டால் அந்தரத்தில் மிதக்கும்.

பொருளுக்குப் பொருள்

பித்தளையையும் வெள்ளியையும் படமெடுப்பது கடினம். குத்துவிளக்கின் தண்டைக் கிட்டத்தில் பாருங்கள்: ஒவ்வொரு வளையத்திலும் ஜன்னல் ஒரு வெள்ளைக் கோடாகவும், எடுக்கிறவரின் சட்டை ஒரு நிறப் பொட்டாகவும் தெரியும். சுற்றிலும் வெள்ளை வைத்தால் பொட்டு போகும், ஆனால் விளக்கின் விளிம்பும் வெள்ளையையே பிரதிபலித்துப் பின்னணியோடு கலந்துவிடும். பளபளப்பான பொருளுக்கு விளிம்பில் கறுப்பு வேண்டும். கறுப்புச் சார்ட்டில் 2 அங்குல அகலப் பட்டை இரண்டு வெட்டி, படத்துக்குள் வராமல் விளக்கின் இருபுறமும் நிறுத்துங்கள். விளிம்பில் ஒரு கருங்கோடு ஓடும், வடிவம் எடுப்பாக நிற்கும். பட்டையை அரை அங்குலம் நகர்த்தினாலே கோடு தடிப்பதும் மெலிவதும் தெரியும், பார்த்துக்கொண்டே வையுங்கள். பின்னணித் தாளும் படத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் தெரிய வேண்டாம். மீதியைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டால் விளிம்பு கரைவது பாதி குறையும். முன்னால் ஒரு வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுத்தால், எடுக்கிறவரும் தெரியமாட்டார். புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு துணியால்தான் தொட வேண்டும், கைரேகை ஒளியில் பூதாகரமாகத் தெரியும். மஞ்சள் மினுக்கம் போய்த் தட்டையாக வந்தால் பக்கத் தெர்மோகோல் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அல்வாவைச் சார்ட்டில் வைக்காதீர்கள். சில நிமிடத்தில் நெய் ஊறி, சுற்றிச் சாம்பல் வளையம் விழும். டைலில் வையுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் துடையுங்கள். அல்வாவின் அழகு அதன் ஊடாக ஒளி போவதில்தான், முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் வெறும் பழுப்புக் கட்டியாகத் தெரியும். முக்கால் அங்குல கனத்தில் எடுத்து, ஜன்னலைப் பின்னணியாக்கும் அமைப்பில் வைத்தால் ஓரங்கள் தேன் நிறத்தில் ஒளிரும். ஆறிப்போனால் நெய் உறைந்து பளபளப்பு மடியும், லேசாகச் சூடேற்றிய கையோடு எடுத்துவிட வேண்டும். பின்னணி, அளவு எல்லாவற்றையும் சூடேற்றாத ஓர் அல்வாத் துண்டை வைத்துச் சரிசெய்துவிட்டுக் கடைசியில் சூடானதைக் கொண்டுவாருங்கள்.

ஓலைப்பெட்டி வெளிர் நிறம், வெள்ளைக்குள் கரையத் துடிக்கும். பின்னணிக்கு அரை ஸ்டாப்புக்கு மேல் கொடுக்காதீர்கள். கறுப்புப் பட்டை இதற்கும் உதவும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து தாழ்ந்து வந்தால் பின்னல் மேடும் பள்ளமும் தெரியும். சாயம் ஏற்றிய ஓலை காலடித் தாளில் ரோஸ், பச்சை என்று நிறம் வீசும். எடிட்டிங்கில் அந்த இடத்தில் மட்டும் நிறத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பத்தமடைப் பாயில் செய்த சின்ன விரிப்புகளில் வேறு சிக்கல். கோரை அவ்வளவு மெல்லிசாகப் பின்னியிருப்பதால், போனின் சென்சாரோடு மோதி நிஜத்தில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் முளைக்கும். தூரத்தை ஒரு சாண் கூட்டியோ குறைத்தோ எடுத்தால் போய்விடும். திரையில் சுருக்கிப் பார்க்கும்போது தெரிவதை நம்பாமல் முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். பாதி சுருட்டி, பாதி விரித்து வைப்பது நல்லது; பாயின் கனமும் ஓரத் தையலும் ஒரே படத்தில் வந்துவிடும்.

கருப்பட்டி கறுத்த பொருள், பின்னணி தானாகவே வெளுத்துவிடும். இரண்டு பக்கமும் தெர்மோகோலை நெருக்கி வைத்து உள்நிறத்தைக் கொண்டுவருவதுதான் வேலை. உடைத்த முகம் ஒன்று கேமராவைப் பார்க்கட்டும். உதிர்ந்த தூளைத் தூரிகையால் தள்ளுங்கள், கையால் துடைத்தால் தாளில் தேயும். மரச்சொப்பின் அரக்குப் பூச்சுக்குப் பித்தளைக்குச் சொன்னதில் பாதி போதும். மண்சட்டி ஒளியைக் குடிக்கும் பொருள், தொந்தரவே இல்லை.

எடிட்டிங்கில் எவ்வளவு

சரியாக எடுத்த படத்துக்கு எடிட்டிங் ஒரு நிமிட வேலை. போனில் ஸ்னாப்சீட் செயலியில் கர்வ்ஸ் (வெளிச்ச வளைகோடு) கருவியைத் திறந்து, மேல் வலது முனைப் புள்ளியைக் கொஞ்சம் இடது பக்கம் இழுத்தால் 245க்கு மேல் உள்ளதெல்லாம் 255 ஆகிவிடும். கணினியில் கிம்ப் மென்பொருள் என்றால் லெவல்ஸ் கருவியில் வெள்ளை முனையை 245க்குக் கொண்டுவாருங்கள். 230க்குக் கீழே இழுக்க வேண்டிவந்தால் திருத்துவதை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள். அதற்குமேல் இழுத்தால் பொருளின் வெளிர் பகுதிகள் போய்விடும்.

மிச்சச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. படத்தின் பிரகாசத்தைத் தற்காலிகமாக முழுக்கக் குறைத்துப் பாருங்கள், மூலையில் ஒளிந்திருக்கும் அழுக்கும் நிழலும் திட்டுத் திட்டாக வெளியே வரும். பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். போனில் கண் பாதுகாப்பு முறையை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது வெள்ளையை மஞ்சளாகக் காட்டும், நீங்கள் அதை ஈடுகட்டி நீலமாக்கிவிடுவீர்கள்.

பின்னணியை ஒரே தட்டில் அழிக்கும் செயலிகள் நேரான விளிம்புள்ள டப்பாவுக்குப் பரவாயில்லை. ஓலை நார், சங்கிலிக் கண்ணி, கண்ணாடி, குஞ்சம் இவற்றைக் கடித்துத் தின்றுவிடும், காலடி நிழலையும் சேர்த்து அழிக்கும். வெளிர் பொருளில் விளிம்பு எது தாள் எது என்று அவற்றுக்கும் தெரிவதில்லை.

ஏற்றும் அளவு

அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றும் 255ஆக, இருக்க வேண்டும். பொருள் படத்தில் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி கிடைக்க நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். 2000க்கு 2000 சதுரமாக வைத்துக்கொண்டால் மற்ற தளங்களுக்கும் வாட்ஸ்அப் கேட்டலாக்குக்கும் அதையே சுருக்கிக்கொள்ளலாம். சதுரமாக வெட்டும்போது பொருளைச் சுற்றி நாலு பக்கமும் சமமாக இடம் விடுங்கள். எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், ஜேபெக்காக, தரம் 85 முதல் 90க்குள் சேமியுங்கள். அதற்குக் கீழே போனால் வெள்ளையும் பொருளும் சந்திக்கும் விளிம்பில் கொசு மொய்த்த மாதிரிப் புள்ளிகள் விழும். படத்தை இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஏற்ற வேண்டும் என்றால், படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்; படமாகப் போனால் வழியிலேயே சுருங்கி இதே புள்ளிகளோடுதான் போய்ச் சேரும்.